வளைகுடாவுக்குப் பெட்டி கட்டும் முறை

நாராயணவனம், புத்தூர், நகரி, சத்தியவேடு வட்டாரத்திலிருந்து குவைத், துபாய், கத்தார், சவுதி என்று முதல் முறையாக வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்கான அத்தியாயம் இது. ஓட்டுநர், சமையல்காரர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், வீட்டுவேலை செய்பவர் என்று எந்த வேலைக்குப் போனாலும் பெட்டி கட்டும் முறை ஒன்றுதான்.

நம் வீடுகளில் பெட்டி கட்டுவது பெரும்பாலும் ஊறுகாய் பாட்டிலில் தொடங்கி, கடைசி ராத்திரியில் காகிதம் தேடுவதில் முடிகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் காகிதம், அடுத்து மருந்து, பிறகு கைப்பை, அதன்பின் துணி, கடைசியில் சாப்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: உங்கள் பெட்டியை நீங்களே கட்டுங்கள், நீங்களே பூட்டுங்கள். அங்கே சுங்க அதிகாரி எதைக் கையில் எடுத்து "இது என்ன?" என்று கேட்டாலும் உங்களால் உடனே பதில் சொல்ல முடிய வேண்டும். பதில் தெரியாத பொருள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது.

எந்த வேலையை எப்போது செய்வது

1. 30 நாள் முன்பு: பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் சரிபார்த்தல்.
2. 15 நாள் முன்பு: மருத்துவரைப் பார்த்து மருந்துச் சீட்டு வாங்குதல், கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டாவது கண்ணாடி செய்துகொள்ளுதல்.
3. 7 நாள் முன்பு: பெட்டி, துணி, செருப்பு, ஷூ வாங்குதல்.
4. 3 நாள் முன்பு: பொடி அரைத்தல், ஊறுகாய் கட்டுதல்.
5. புறப்படுவதற்கு முந்தைய நாள்: எடை பார்த்தல், பூட்டுதல். அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்காதீர்கள்.

படி 1: காகிதப் பை

ஜிப் வைத்த, தண்ணீர் புகாத ஃபைல் ஒன்று வாங்குங்கள். அது எப்போதும் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது. அதில் வைக்க வேண்டியவை:

1. பாஸ்போர்ட். புறப்படும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.
2. விசா நகல், விமான டிக்கெட் நகல்.
3. இரு தரப்பும் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம்.
4. மருத்துவப் பரிசோதனைச் சான்று. கேட்கப்பட்டிருந்தால் காவல்துறைச் சான்று.
5. கல்வி, அனுபவச் சான்றுகள், ஓட்டுநர் உரிமம். தெலுங்கிலோ தமிழிலோ உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.
6. வெள்ளைப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் பத்து.
7. ஒரு தாளில் கையால் எழுதிய தொலைபேசி எண்கள்: வீடு, அங்கே உங்களை அழைத்துப்போக வருபவர், முதலாளி, அந்த நாட்டின் இந்தியத் தூதரகம்.

ஏழாவதை அலட்சியம் செய்யாதீர்கள். இறங்கும் இடத்தில் போன் சார்ஜ் தீர்ந்தாலும், சிம் வேலை செய்யாவிட்டாலும் அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

பாஸ்போர்ட்டைக் கவனமாகப் படியுங்கள்

ஈசிஆர் முத்திரை: பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையில் வரும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, இப்படிப்பட்ட பாஸ்போர்ட்டில் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை. குவைத், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆறும் அந்தப் பட்டியலில் உள்ளன. இ-மைக்ரேட் இணையதளம் வழியாக இந்த அனுமதி கிடைக்கும். அதன் அச்சுப்படி கையில் இல்லாவிட்டால் சென்னை குடியேற்றக் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஈசிஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும்.

காப்பீடு: இந்த அனுமதி பெறுகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனம் நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். கட்டணம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். பாலிசியின் ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். தேவை வரும் நாளில் அதைத் தேட வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

பெயர்: ஆந்திர-தமிழ்நாடு எல்லைப்பகுதி மக்களுக்கு இது ஒரு தனிச் சிக்கல். தெலுங்கு வழக்கில் வீட்டுப்பெயர் முன்னால் வரும். தமிழ் வழக்கில் அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் நிற்கும். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றில் வேறு மாதிரி இருந்தால், எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். டிக்கெட்டிலும் விசாவிலும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோருக்கு அமீரகம் 2022 நவம்பரில் தடை விதித்தது. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

விசா வகை: குவைத்தில் 18ஆம் எண் விசா தனியார் நிறுவன வேலைக்கு, 20ஆம் எண் வீட்டுவேலைக்கு. கடையில் வேலை என்று சொல்லி ஏஜெண்ட் 20ஆம் எண்ணைக் கையில் கொடுத்தால், அந்த விசாவில் கடையில் வேலை செய்வது சட்டமீறல் ஆகும், பிடிபடுவது நீங்கள்தான். விசிட் விசாவில் போய் வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். விசாவில் தப்பு இருந்தால் பெட்டி கட்டுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

குறிப்பு: ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று இடத்தில் வையுங்கள். அசல் காகிதப் பையில், ஒரு நகல் பெரிய பெட்டியில், இன்னொரு நகல் வீட்டில். போனில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள்.

படி 2: மருந்துப் பை

வளைகுடாவில் நம்மவர்களைச் சிறைவரை கொண்டுபோகக் கூடியவற்றில் மருந்தும் ஒன்று. இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் சில மருந்துகள் அங்கே போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன.

முன் அனுமதி இல்லாமல் எடுத்துப்போகக் கூடாதவை: கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் கலந்த வலி மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம். பிராண்டு பெயரைப் பார்த்து இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அட்டையின் பின்பக்கம் சிறு எழுத்தில் உள்ள வேதிப்பெயரை மருந்துக்கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். உங்களுக்கு இவை கட்டாயம் தேவை என்றால் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை:

1. தகுதிபெற்ற மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சீட்டு வாங்குங்கள். நோயின் பெயர், மருந்தின் வேதிப்பெயர், அளவு, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். சீட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட் பெயரோடு ஒத்துப்போக வேண்டும்.
2. மாத்திரைகளை முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள். ஊர் ஆர்.எம்.பி. டாக்டர் காகிதத்தில் மடித்துத் தரும் உதிரி மாத்திரைகள் வேண்டாம்.
3. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கான மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அங்கே மருத்துவ அட்டை கையில் வந்துவிட வேண்டும்.
4. ஒரு வாரத்துக்கான மருந்து கைப்பையில், மீதி பெரிய பெட்டியில். இன்சுலின் முழுவதும் கைப்பையில், மருத்துவர் கடிதத்தோடு இருக்கட்டும். சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும்.

புத்தூர் எலும்புக்கட்டு வைத்தியத்துக்குப் பேர்போன இடம். அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் பெயர் ஒட்டாத தைலப் புட்டியும் மூலிகைப் பொடியும் இருக்கும். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியும் எண்ணெயும் சுங்கத்தில் சந்தேகத்தைக் கிளப்பும். கம்பெனி லேபிளோடு சீல் வைத்த சிறு தைலப் புட்டி போதும்.

நேரக் குறிப்பு: குவைத், சவுதி, கத்தார் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது, அமீரகம் ஒன்றரை மணி நேரம். நேரம் தவறாமல் மாத்திரை போடுகிறவர்கள் புதிய நேரத்தை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: கைப்பை

பெரும்பாலான விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோ அனுமதிக்கின்றன. பெரிய பெட்டி வந்து சேரவில்லை என்றாலும் இரண்டு நாள் சமாளிக்கும்படி இதைக் கட்டுங்கள்.

1. காகிதப் பை, பணப்பை, மருந்து.
2. ஒரு செட் உடை, உள்ளாடை இரண்டு, துண்டு. விமானத்தில் குளிரும், ஒரு சால்வை அல்லது ஸ்வெட்டர்.
3. போன், சார்ஜர், பவர் பேங்க். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். பெரிய பெட்டியில் வைத்தால் பெட்டியை நிறுத்திவிடுவார்கள். 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. கடையில் கிடைக்கும் 10,000, 20,000 எம்ஏஎச் வகைகள் இந்த அளவுக்குள் அடங்கும்.
4. திரவம், களிம்பு, பேஸ்ட் எதுவானாலும் 100 மில்லிக்கு மிகாத புட்டிகளில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பையில். நெய்யும் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் திரவக் கணக்கில் வரும். அவற்றைப் பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள்.
5. பேனா. விமானத்தில் படிவம் கொடுத்தால் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருக்காது.

பணம்: இந்திய ரூபாய் நோட்டாக 25,000க்கு மேல் எடுத்துப்போக அனுமதி இல்லை. முதல் மூன்று நாள் செலவுக்கான தினார் அல்லது திர்ஹாமை உரிமம் பெற்ற மாற்று நிலையத்தில் ரசீதோடு வாங்குங்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.

சிம்: வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி எல்லாம் உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். எண் காலாவதியாகாதபடி ரீசார்ஜ் செய்து, ரோமிங் வசதியைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: பெரிய பெட்டி

டிக்கெட்டில் அச்சிட்ட எடைதான் கணக்கு. சென்னையிலிருந்து வளைகுடா போகும் விமானங்களில் 20, 25, 30 கிலோ என்று கட்டணத்துக்கு ஏற்ப மாறும். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பணம் கட்டினாலும் ஏற்க மாட்டார்கள். வேட்டியில் கட்டிய மூட்டை, கயிறு சுற்றிய உருண்டைப் பொதி வேண்டாம். துபாய் விமான நிலையம் தட்டையான பக்கம் ஒன்றுகூட இல்லாத பொதிகளை 2017 முதல் ஏற்பதில்லை.

துணி: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டும். வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை ஐந்து, பேன்ட் மூன்று, தொப்பி. நகரி, புத்தூர் பக்கத்துத் தறிகளில் கிடைக்கும் பருத்தித் துண்டும் லுங்கியும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அதே தரத்துக்கு விலை அதிகம். லுங்கி அறைக்குள் மட்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குவைத்தில் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது உண்டு. ஒரு கம்பளி ஸ்வெட்டரும் குல்லாவும் தேவை. பெண்களுக்கு முழுக்கைச் சுடிதார் நான்கைந்து, பெரிய துப்பட்டா, நைட்டி, மூன்று மாதத்துக்கான நாப்கின்.

கருவிகள்: வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் மூன்று தட்டைக் கால் கொண்ட பிளக் பாயின்ட். நம் உருண்டைக் கால் சார்ஜரைச் செருக ஒரு அடாப்டர் போதும். மின்னழுத்தம் ஏறத்தாழ நம் ஊர் அளவுதான். கத்தி, கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும்.

நகை: மெல்லிய தாலிச் சங்கிலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போட்டுப் போவதென்றால், புறப்படும்போது சென்னைச் சுங்கத்தில் நகையைக் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி எழாது.

அடுக்கும் வரிசை: கனமானவை சக்கரத்துப் பக்கம், நடுவில் சாப்பாட்டுப் புட்டிகள், சுற்றிலும் துணி, மேலே காகித நகல்கள். பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் பெயர், அங்குள்ள தொலைபேசி எண் எழுதிய சீட்டு. கைப்பிடியில் நிறம் தெரியும் துணி நாடா. கட்டி முடித்ததும் பெட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் புகார் கொடுக்க உதவும்.

படி 5: சாப்பாடு

பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, புளிக்காய்ச்சல், கோங்குரா ஊறுகாய், ஆவக்காய் என்று முதல் இரண்டு மாதத்தை ஓட்டும் அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5 கிலோவுக்குள் நிறுத்துங்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

1. ஊறுகாயைப் புட்டியின் முக்கால் அளவுக்கு நிரப்பி, வாயில் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் மூடியைத் திருகுங்கள். பிறகு இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, ஒரு எவர்சில்வர் டப்பாவில் இறக்குங்கள்.
2. ஒவ்வொரு பொடிக்கும் ஆங்கிலத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.
3. கசகசா எந்த வடிவிலும் வேண்டாம். இங்கே குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அமீரகம், சவுதி, கத்தார் நாடுகளில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும், வைத்திருந்தால் சிறை. பொட்டலமாக வைக்காவிட்டாலும் கரம் மசாலா, குருமாப் பொடி, பிரியாணி மசாலா ஆகியவற்றில் கலந்திருக்கலாம். உங்களுக்குக் கட்டும் மசாலாவைக் கசகசா இல்லாமல் தனியாக அரைக்கச் சொல்லுங்கள். அதிரசத்தின் மேல் கசகசா தூவும் வழக்கம் உள்ள வீடுகளில் இந்த முறை எள் தூவட்டும்.

வைக்கவே கூடாதவை

1. கசகசா, கஞ்சா, அபின்.
2. வெற்றிலை, குட்கா, ஹான்ஸ், மெல்லும் புகையிலை.
3. கொப்பரைத் தேங்காய். எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் விமானத்தில் தீப்பற்றும் பொருளாகக் கணக்கிடுகிறார்கள்.
4. கற்பூரம், தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு.
5. சாராய வகைகள். குவைத்திலும் சவுதியிலும் கடும் குற்றம்.
6. ஆபாசப் படங்கள், புத்தகங்கள். போனில் இருந்தாலும் அழித்துவிடுங்கள்.

புறப்படும் முன் நாராயணவனம் கல்யாண வெங்கடேசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவோர் பிரசாதப் பையைப் பிரித்துப் பாருங்கள். குங்குமம் சிறு பொட்டலமாக, பெயர் எழுதி எடுத்துக்கொள்ளலாம். கற்பூரத்தையும் தேங்காய் மூடியையும் வீட்டில் கொடுத்துவிடுங்கள். சாமி படம் ஒன்று, சிறியதாக, துணிக்கு நடுவே. எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று கட்டுக்கட்டாகப் படங்களைக் கொண்டுபோகாதீர்கள்.

பிறர் கொடுக்கும் பொட்டலம்

2019இல் மும்பையிலிருந்து கத்தார் போன ஓர் இளம் தம்பதியின் பையில், உறவினர் கொடுத்த பொட்டலத்துக்குள் சரஸ் என்ற போதைப்பொருள் இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத இருவருக்கும் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விழுந்தது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று நிரூபிக்கப்பட்டு 2021இல்தான் ஊர் திரும்பினார்கள். பொட்டலம் கொடுத்தவர் சொந்த உறவு என்பதை மறக்காதீர்கள்.

"எங்க தம்பி அங்கதான் இருக்கான், இந்த மாத்திரையையும் பலகாரத்தையும் கொடுத்துடுப்பா" என்று ஊரில் யாராவது வருவார்கள். மறுப்பது கஷ்டம்தான். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, எடை முழுசா ஆயிடுச்சு, பெட்டி பூட்டியாச்சு. கூரியர்ல அனுப்பிடுங்க." தவிர்க்கவே முடியாத இடத்தில், பொருளை அவர் பிரித்துக் காட்டி, அதை நீங்களே கட்டினால் மட்டும் வாங்குங்கள். மருந்தும், ஏஜெண்ட் கொடுக்கும் பொட்டலமும் எந்த நிலையிலும் வேண்டாம். விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர் "என் பையையும் உங்க எடையில சேர்த்துக்குங்க" என்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

புறப்படும் நாள்

1. தேதியை இரண்டு முறை பாருங்கள். 15ஆம் தேதி அதிகாலை 1.30 மணி விமானம் என்றால், 14ஆம் தேதி மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு இது.
2. நாராயணவனத்திலிருந்து சென்னை விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்கு மேல். நகரி, திருத்தணி, திருவள்ளூர் வழியாகவோ நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகவோ போகலாம். எந்த வழியானாலும் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.
3. விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்பு நிலையத்தில் இருங்கள். கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும்.
4. ரயிலில் புத்தூரிலிருந்து போனால் சென்னை சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் விமான நிலையம் சேரலாம். நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. இரவு ரயிலை நம்ப வேண்டாம்.
5. பெட்டியைக் கொடுத்ததும் தரும் சிறு சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். பெட்டி வராவிட்டால் அதுதான் சாட்சி.

இறங்கியபின் முதலாளி பாஸ்போர்ட்டைக் கேட்கலாம். விசா பதிவுக்காகக் கொடுத்தால் அந்தப் பதிவு முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைப்பதைக் குவைத், அமீரகச் சட்டங்கள் அனுமதிப்பதில்லை.

பூட்டுவதற்கு முன் கடைசிச் சரிபார்ப்பு

காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றாக டிக் போடுங்கள்.

1. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் ஒரே பெயர்.
2. ஈசிஆர் என்றால் இ-மைக்ரேட் அனுமதி, காப்பீட்டுப் பாலிசி.
3. தொலைபேசி எண்கள் எழுதிய தாள்.
4. மருந்துச் சீட்டு, முழு அட்டை மாத்திரைகள்.
5. பவர் பேங்க் கைப்பையில்.
6. மசாலாவில் கசகசா இல்லை.
7. கற்பூரம், கொப்பரை, வெற்றிலை இல்லை.
8. பிரித்துப் பார்க்காத பிறர் பொட்டலம் இல்லை.
9. எடை, டிக்கெட்டில் உள்ளதைவிட ஒரு கிலோ குறைவு. வீட்டுத் தராசுக்கும் விமான நிலையத் தராசுக்கும் வித்தியாசம் இருக்கும்.
10. நகல்கள் வீட்டில் ஒருவர் கையில். எங்கே இருக்கின்றன என்று இன்னொருவருக்கும் தெரியும்.

பத்தும் சரியாக இருந்தால் பூட்டுங்கள். ஒன்று விடுபட்டாலும் அதைச் சரிசெய்த பிறகே வண்டியைக் கூப்பிடுங்கள்.